மனுதாரர் சார்பாக

கொஞ்சம் தள்ளி உக்காருங்க தம்பி. அந்தப் பையை மடியில வச்சுக்கிட்டா ரெண்டு பேரு தாராளமா உக்காரலாம். என்ன, சட்டைப் பையில மூணு பேனா இருக்கேன்னு பாக்குறீங்களா? நான் டாக்டரும் இல்ல, ஆஸ்பத்திரி ஆளும் இல்ல. பக்கிரிசாமின்னு பேரு. தாலுகா ஆபீஸ் வாசல்ல மனு எழுதறவன். இப்ப உள்ள போயிருக்கிறது என் சம்சாரம், தையல்நாயகி. பத்து நாள் கழிச்சுத் திரும்பக் காட்டச் சொல்லியிருந்தாங்க, வந்தோம். பேரைக் கூப்பிட்டாங்க. நான் எழுந்திரிச்சேன். அந்த சிஸ்டர் பொண்ணு கதவுல கையை வச்சுக்கிட்டு, அம்மா மட்டும் வரட்டும், நீங்க இங்கயே உக்காருங்கப்பாங்குது.

என்னைப் போயி! தாலுகா ஆபீஸ்ல எந்த ரூமுக்குள்ளயும் நான் செருப்பைக் கழட்டிட்டு நேரா போயிருவேன். வெளிய இருங்கன்னு சொன்ன ஆளு கிடையாது. இங்க என்னடான்னா கட்டின பொண்டாட்டி கூட உள்ள போக எனக்கு அனுமதி இல்ல. இதை யார்கிட்டப் போயிச் சொல்றது? அதான் உங்ககிட்ட சொல்றேன். நீங்களும் சும்மாதானே உக்காந்திருக்கீங்க.

நம்ம தொழில் என்னன்னு நினைக்கிறீங்க? பேசத் தெரியாதவங்களுக்காகப் பேசறது. பட்டா மாறல, பென்ஷன் வரல, பக்கத்து வயக்காரன் வரப்பை வெட்டிட்டான்னு வருவாங்க. வந்து உக்காந்து ஆரம்பிப்பாங்க பாருங்க, கல்யாணம் ஆன கதையிலேருந்து. அத்தனையும் கேட்டுக்கிட்டிருந்தா நான் எப்ப எழுதறது? ரெண்டு வார்த்தையில எனக்குப் புரிஞ்சிரும், இது என்ன சங்கதின்னு. போதும் நிறுத்துன்னுட்டு எழுத ஆரம்பிச்சிருவேன். எழுதி முடிச்சு வாசிச்சுக் காட்டுனா, நான் இதுக்காகவா வந்தேன்னு அவங்களே அசந்துபோயிருவாங்க. அந்த அளவுக்கு இருக்கும்.

இவளுக்கு வந்தது மயக்கம். முதல்ல ஒரு நாள் கொல்லையில துணி துவைக்கிற கல்லுகிட்ட சாஞ்சுட்டா. எதிர்வீட்டு ரோசம்மா ஓடியாந்து தண்ணி தெளிச்சு, நல்லா இனிப்பா ஒரு காப்பி போட்டுக் குடுத்திருக்கு. நான் சேதி கேட்டு வர்றதுக்குள்ள எழுந்து உக்காந்துக்கிட்டு ஒண்ணுமில்லங்கிறா. சரி, வெயில்னு நினைச்சேன். ரெண்டாவது தடவையும் அதே மாதிரி, அதே காப்பி, அதே ஒண்ணுமில்ல. மூணாவது தடவை சோறு வடிக்கும்போது விழுந்துட்டா தம்பி. கொதிக்கிற கஞ்சி கையில கொட்டிருச்சு. அடுப்பு எரிஞ்சுக்கிட்டிருக்கு, சேலைத் தலைப்பு அதுக்குப் பக்கத்துல கிடக்கு. ரோசம்மா மட்டும் உப்பு கேட்டு வராம இருந்திருந்தா நான் இங்க உக்காந்து உங்ககிட்டப் பேசிக்கிட்டு இருக்க மாட்டேன்.

ஆட்டோ வச்சுக் கொண்டாந்தேன். அதுக்குள்ள அந்த ரோசம்மா காப்பியைக் குடுத்துருச்சு, அதை யாரு தடுக்கிறது. இங்க வந்ததும் ரத்தம் எடுத்தாங்க, நெஞ்சுல ஒயரை ஒட்டிப் படம் எடுத்தாங்க. சுகர் இருக்கு அவளுக்கு, மூணு வருசமா மாத்திரை. ஆனா அன்னிக்குப் பார்த்தா சுகர் நல்லாத்தான் இருக்கு, பிரஷரும் சரியா இருக்கு. டாக்டரு நெத்தியைத் தேய்ச்சுக்கிட்டு, வலிப்பா இருக்கலாம், ரெண்டு நாள் வச்சுப் பாப்போம், இல்லன்னா தஞ்சாவூருக்குப் போயித் தலையை ஸ்கேன் எடுக்கணும்னாரு. எங்க சித்தப்பாவுக்குத் தலையிலதான் கட்டி வந்துச்சு. வராண்டாவுல வந்து நின்னேன்.

சரி, கலங்கி நின்னா ஆகுமா? பொம்பளையாளு அசந்து படுத்திருக்கு, எல்லாத்தையும் நாமதான் எடுத்துச் சொல்லணும். அப்பதான் இப்ப கதவுல நின்ன இந்த சிஸ்டர் பொண்ணு வந்துச்சு. ஜெசிந்தான்னு பேரு. ஒல்லியா, எப்பப் பார்த்தாலும் பாதி தூக்கத்துல இருக்கிற மாதிரி ஒரு மூஞ்சி. அட்டையில பேப்பரைச் செருகிக்கிட்டு கட்டிலோரமா நின்னு, உங்க பேரு என்னம்மான்னு கேட்டுச்சு. தையல்நாயகின்னேன். வயசு கேட்டுச்சு, சொன்னேன். அம்மா சொல்லட்டும்ப்பான்னுச்சு. அவ கூச்சப்படுவா, நீங்க எழுதுங்கன்னேன்.

என்ன வேலை செய்யறாங்கன்னு கேட்டுச்சு. வேலையெல்லாம் ஒண்ணுமில்ல, வீட்ல சும்மாதான் இருக்கான்னேன். உடனே அந்தப் பொண்ணு இவ நல்ல கையைப் பிடிச்சுத் திருப்பி, உள்ளங்கையைப் பார்த்துச்சு. அப்புறம் நகத்தைப் பார்த்துச்சு. அப்புறம் காலுப் பக்கம் போயி குதிகாலை அமுக்கிப் பார்த்துச்சு. எழுதறதை விட்டுட்டு என்ன ஜோசியமா பாக்குறீங்கன்னு கேக்க நினைச்சேன், ஆஸ்பத்திரியாச்சேன்னு அடக்கிக்கிட்டேன்.

எதாவது சாப்பிட்டா ஒத்துக்காம போகுமா, அலர்ஜி உண்டான்னுச்சு. அதெல்லாம் எங்க வீட்ல கிடையாதும்மா, குடுத்ததைத் திம்பான்னேன். வெளிக்குச் சரியா போகுதான்னுச்சு. அதெல்லாம் கரெக்டா போகும்னேன். அப்பத்தான் முதல் தடவையா அட்டையிலேருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்துச்சு.

"அது உங்களுக்கு எப்படிப்பா தெரியும்?"

நியாயமான கேள்விதான். நானும் யோசிச்சேன். போகலன்னா சொல்லியிருப்பாளேன்னேன். பக்கத்துக் கட்டில்ல கெழவி ஒண்ணு கொல்லுன்னு சிரிச்சுது, மரியாதை தெரியாத ஜென்மம்.

அப்புறம் கை வலிக்கு மார்க்கு. ஆமா தம்பி, மார்க்கு போடுறாங்க. வலியே இல்லன்னா பூஜ்யம், தாங்கவே முடியலன்னா பத்து. சின்னக் கொப்புளம்தானே, ரெண்டு போட்டுக்கங்கன்னேன். நீங்க சொல்லுங்கம்மான்னு அவகிட்டத் திரும்புச்சு. இவ என்னைப் பார்த்தா. ரெண்டுதான்னா. பாத்தீங்களா, நான் சொன்ன அதே ரெண்டு.

சாப்பாட்டு விஷயத்துக்கு வந்துச்சு. காலையில எப்ப மாத்திரை, எப்ப சாப்பாடு? இதுல என்னைக் குத்தம் சொல்ல யாராலயும் முடியாது. ஏழு மணிக்கு மாத்திரையை நானே கையில குடுப்பேன், தண்ணியோட. முழுங்கிட்டாளான்னு வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பேன். ஏழரைக்கு நாங்க சாப்பிட்டுருவோம். எட்டுக்கு நான் கிளம்பிருவேன். மூணு வருசமா இதுதான். இதைத் தெளிவா சொன்னேன், எழுதிக்கிச்சு. எழுதினது மறந்துபோச்சா என்னமோ, அரை மணி கழிச்சு பிரஷர் பாக்க வந்தப்ப, காலையில எப்பம்மா சாப்பிடுவீங்கன்னு மறுபடியும் கேக்குது. ஏழரைன்னேன். ராத்திரி கைக்கு மருந்து போடறப்ப, சும்மா ஊர்க்கதை பேசற மாதிரி, காலையில என்னம்மா டிபன் பண்ணுவீங்க, எப்ப சாப்பிடுவீங்கன்னு திரும்பவும் ஆரம்பிக்குது. ஏழரைன்னேன். எனக்கு அந்தப் பொண்ணு மேல பாவமா போச்சு. இந்த வயசுலயே இவ்வளவு ஞாபக மறதி. ஆனா என் பதில்ல ஒரு மாத்தம் உண்டா? சாட்சின்னா அப்படி இருக்கணும்.

மறுநாள் காலையில ஏழு மணி. ஆஸ்பத்திரின்னாலும் நம்ம ஒழுங்கு மாறலாமா? சட்டைப் பையிலேருந்து நம்ம மாத்திரையை எடுத்துக் குடுத்தேன். டிபன் வர எட்டரை ஆயிருச்சு. நாலு இட்லி. இவ தட்டை என் பக்கம் நகத்திட்டு, நீங்க சாப்பிடுங்க, நான் மூஞ்சி கழுவிட்டு அப்புறமா பாத்துக்கிறேன்னா. ராத்திரியெல்லாம் பெஞ்சுல உக்காந்திருந்தவன், எனக்கும் பசி. சாப்பிட்டேன். இட்லி பரவாயில்ல, சாம்பார்தான் தண்ணி.

கடைசி இட்லியில இருக்கேன், இவளுக்கு மூஞ்சி பூரா வேர்க்குது. முத்து முத்தா வேர்க்குது. கையைப் பார்த்தா நடுங்குது. தையல், தையல்னு கூப்பிடறேன், என்னைப் பாக்குறா, ஆனா நான் யாருன்னு தெரியாத மாதிரி பாக்குறா. தம்பி, முப்பத்தி நாலு வருசத்துல அவ என்னை அப்படிப் பார்த்ததில்ல. ஃபேனைப் பெருசா வைங்கன்னு கத்தறேன். அந்தப் பொண்ணு வார்டோட அந்தக் கோடியில யாருக்கோ ஊசி போட்டுக்கிட்டிருந்துச்சு. அந்தத் தூங்குமூஞ்சிக்கு அப்படி ஒரு ஓட்டம் எங்கேருந்து வந்துச்சோ! வந்ததும் ஃபேனைப் பாக்கல, இவ விரலை ஒரு குத்து குத்தி ரத்தத்தை ஒரு சின்ன மிஷின்ல வச்சுச்சு. சுகர் வெறும் நாப்பத்தஞ்சு. உடனே குளுக்கோஸைக் கரைச்சு, தலையைத் தாங்கிப் பிடிச்சுக் கொஞ்சம் கொஞ்சமா குடிக்க வச்சுச்சு. கொஞ்ச நேரத்துல இவ கண்ணு தெளிஞ்சு, சேலையைச் சரி பண்ணிக்கிட்டு, ஒண்ணுமில்லன்னா. அந்த ஒண்ணுமில்லையைக் கேட்டப்பறம்தான் எனக்கு உசுரு வந்துச்சு.

அம்மா எப்பப்பா சாப்பிட்டாங்கன்னு அந்தப் பொண்ணு கேட்டுச்சு. ஏழரைன்னு சொல்லிட்டேன். பழக்கம், வாயில வந்துருச்சு. அது என் கையில இருந்த தட்டைப் பார்த்துச்சு. நானும் பார்த்தேன். கட்டில் தலமாட்டுல போட்டிருந்த சீட்டுல பேஷண்ட் பேரு தையல்நாயகின்னு இருக்கு, விரல்ல சாம்பாரோட நான் உக்காந்திருக்கேன். அந்தப் பொண்ணு எதுவும் சொல்லல. அதான் அதோட குணம், எதுவும் சொல்லாது.

ஆனா ஒண்ணு, ஆளோட அருமை தெரிஞ்ச பொண்ணு. கொஞ்ச நேரத்துல என்கிட்ட வந்து, அப்பா நீங்க மனு எழுதறவராமே, இந்த வார்டு குழாய்ல தண்ணி சரியா வரல, பெரிய டாக்டருக்கு ஒரு மனு எழுதித் தர முடியுமா, நல்லா விவரமா எழுதுங்க, வெளிய அந்த மேசையில காத்தோட்டமா இருக்கும்னு கேட்டுச்சு. பாத்தீங்களா! போயி உக்காந்து எழுதினேன் பாருங்க ஒரு மனு, தாழ்மையுடன் சமர்ப்பிப்பதுல ஆரம்பிச்சு மூணு பக்கம். நோயாளிகளின் தாகத்தையும் அன்னாரது உறவினர்களின் அவதியையும் எழுதினப்ப எனக்கே கண்ணு கலங்கிருச்சு. முக்கால் மணி ஆயிருச்சு. அதை எடுத்துக்கிட்டு உள்ள வந்தா, குழாய்ல தண்ணி கொட்டுது. மனு குடுக்கிறதுக்கு முன்னாடியே வேலை முடிஞ்சிருச்சுன்னா பார்த்துக்கங்க, நம்ம எழுத்துக்கு எவ்வளவு மதிப்புன்னு.

அதைச் சொல்லலாம்னு கட்டிலுக்குப் போறேன். வாசல்லயே நின்னுட்டேன். தையல் பேசிக்கிட்டிருக்கா தம்பி. கட்டுப்போட்ட கையையும் சேர்த்து ஆட்டி ஆட்டிப் பேசறா. அந்தப் பொண்ணு ஸ்டூல்ல உக்காந்து அவ மூஞ்சியையே பாத்துக்கிட்டிருக்கு. அட்டை கீழ கிடக்கு. வாயே திறக்கல. இடையில இவ நிறுத்தினா, அதுவும் சும்மா இருக்கு. கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் சும்மா இருக்காங்க. அப்புறம் இவ திரும்ப ஆரம்பிக்கிறா. என்னைப் பார்த்ததும் டக்குனு நிறுத்திட்டா.

சாயந்திரம் டாக்டரு என்னைக் கூப்பிட்டாரு. வலிப்பு இல்ல, தலையில ஒண்ணும் இல்ல, தஞ்சாவூர் போக வேணாம்னாரு. நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அப்புறம் சொன்னாரு பாருங்க, எங்க வீட்டுச் சங்கதியை எனக்கே சொல்றாரு. உங்க வீட்டம்மா தினம் சாப்பிடறது பதினோரு மணிக்கு மேலயாம், சிஸ்டர் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டாங்க, ஏழு மணிக்கு மாத்திரையைப் போட்டுட்டு வெறும் வயித்தோட அவ்வளவு நேரம் வேலை பார்த்தா சுகர் இறங்கி மயக்கம் வராம என்ன பண்ணும், அந்த இனிப்புக் காப்பிதான் ஒவ்வொரு தடவையும் காப்பாத்தியிருக்கு, அதனாலதான் இங்க வந்து பார்த்தா சுகர் நல்லா இருந்துச்சுங்கிறாரு.

நான் அதெப்படி, நாங்க ஏழரைக்குச் சாப்பிட்டுருவோமேங்கிறேன். நாங்கன்னா யாருங்கன்னு கேட்டாரு. அவருக்குப் பக்கத்துல அந்தப் பொண்ணு நிக்குது, ஜன்னலைப் பாத்துக்கிட்டு. நான் யோசிச்சுப் பார்த்தேன் தம்பி. ஏழரைக்குத் தட்டு வரும், நான் உக்காருவேன், அவ பக்கத்துல நிப்பா, சட்னி ஊத்துவா. எட்டு மணிக்கு நான் போயிருவேன். அதுக்கப்புறம் பாத்திரம், தண்ணி, துணி, எனக்கு மத்தியானம் கேரியர்ல குடுத்துவிடச் சோறு, கொழம்பு, அப்புறம் குளிச்சு விளக்கேத்தி, அதுக்கும் அப்புறம்தான் அவளுக்கு வாயில எதாவது போகுமாம். இத்தனை வேலை அந்த வீட்ல நடக்குதுன்னு யாரு கண்டா?

மாத்திரையைக் கையில குடுத்தது நான். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தது நான். அன்னிக்கு ராத்திரி பெஞ்சுல படுத்துக்கிட்டு இதையேதான் நினைச்சுக்கிட்டிருந்தேன். ஆனா சட்டப்படி பார்த்தா என் பேர்ல தப்பு இல்ல, அதையும் சொல்லிடறேன். மருந்துச் சீட்டுல என்ன போட்டிருக்கு? சாப்பாட்டுக்கு முன். நான் முன்னாடிதானே குடுத்தேன்? நாலு மணி நேரம் முன்னாடின்னாலும் முன்னாடிதானே? இதை அந்தப் பொண்ணுகிட்டச் சொன்னேன். ஆமாப்பா, அதுவும் முன்னாடிதான்னுச்சு. ஒத்துக்கிச்சு.

என் வருத்தமெல்லாம் வேற. முப்பத்தி நாலு வருசம் கூடவே இருக்கேன். என்கிட்டச் சொல்லாததை நேத்து வந்த ஒரு பொண்ணுகிட்ட முக்கால் மணியில கொட்டியிருக்கா. கை வலியும் ரெண்டு இல்லையாம், ஏழாம். ஏழு! அத்தனை வலியை வச்சுக்கிட்டு என் பேச்சுக்கு ரெண்டுன்னு தலையாட்டியிருக்கா. எனக்குப் பொறுக்கல. ஏன் தையல், என்கிட்டச் சொன்னா என்னன்னு கேட்டேன். அவ கோவமா ஒண்ணும் சொல்லல. வெயில் அடிக்குதுன்னு சொல்ற மாதிரிதான் சொன்னா.

"அந்தப் புள்ள கேட்டுட்டுப் பேசாம இருந்துச்சு. அதான் சொன்னேன்."

இது ஒரு பதிலா சொல்லுங்க. கேட்டுட்டுப் பேசாம இருக்கிறது ஒரு வேலையா? அதுக்குப் படிப்பு வேற படிச்சிட்டு வர்றாங்க.

வீட்டுக்கு அனுப்பும்போது அந்தப் பொண்ணு ஒரே ஒரு உத்தரவு போட்டுச்சு. மாத்திரை போட்டதும் அம்மா சாப்பிடணும், நீங்க எதிர்ல உக்காந்து பாக்கணும்னுச்சு. இது என்ன பெரிய விஷயம்னு நினைச்சேன். மொதநாள் தட்டைப் போட்டுக்கிட்டு உக்காந்தோம். இவளுக்கு இட்லி தொண்டையில இறங்கல, அவ்வளவு வெக்கம். சுவத்தைப் பாத்துத் திரும்பி உக்காந்துக்கிட்டா. ரெண்டு நாள் முதுகைத்தான் பார்த்தேன். மூணாம் நாள்தான் திரும்பினா. தம்பி, அவ இட்லியை எப்படிச் சாப்பிடுவான்னு எனக்குத் தெரியாது. ஓரத்தையெல்லாம் முதல்ல தின்னுட்டு நடுவைக் கடைசிக்கு வச்சுக்கிறா, சின்னப் புள்ள மாதிரி. எனக்கு என்னமோ பண்ணிருச்சு. நான் எழுந்து போயி அவளுக்குச் சட்னி எடுத்தாந்து ஊத்தினேன். எங்க வச்சிருக்கான்னு தேடறதுக்கே நேரமாயிருச்சு.

சரி, அந்தப் பொண்ணு பண்ற வித்தையை நாமளும் பண்ணிப் பாப்போமேன்னு, ஒரு நாள் கேட்டேன். உனக்கு எதாவது சொல்லணுமா தையல்னேன். ஒண்ணுமில்லன்னா. நான் பேசாம இருந்தேன். அது எவ்வளவு கஷ்டம்னு உங்களுக்குத் தெரியாது. நாக்கு துடிக்குது. வெத்தலையைப் போட்டு வாயை அடைச்சுக்கிட்டேன். வெத்தலை பாதி கரைஞ்சதும் இவ மெதுவா சொல்றா, கத்தரிக்காய் வாங்காதீங்க, தின்னா உடம்பெல்லாம் அரிக்குதுன்னு. சந்தைக்குப் போனா நான் முதல்ல வாங்கறதே கத்தரிக்காய்தான் தம்பி, அவளுக்குப் பிடிக்கும்னு. பிடிக்கும்னு யாரு சொன்னான்னு யோசிச்சுப் பார்த்தேன். நான்தான் சொல்லியிருக்கேன்.

அன்னிக்கு அதோட சரி. இன்னும் எதோ இருக்கு அவளுக்குள்ள, எனக்குத் தெரியுது. இங்க வர்ற பஸ்ல வாயைத் திறந்தா. அந்த நேரம் பாத்து கண்டக்டர் சில்லறை இல்லன்னான், நான் அவனுக்கு நியாயம் சொல்லப் போயிட்டேன், இவ ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டா. இப்ப உள்ள அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லிக்கிட்டிருப்பா. சொல்லட்டும். எங்கயாவது சொன்னாச் சரி. ஆனா எனக்கும் காது இருக்கில்ல தம்பி?

அதோ, கதவு திறக்குது. வந்துட்டா. வா தையல், இங்க உக்காரு. என்ன சொன்னாங்க? சுகர் எவ்வளவு? சரியா இருக்குமே, நான்தான் எதிர்லயே உக்காந்து பாக்குறேனே. கையைப் பார்த்தாங்களா? கொப்புளம் ஆறிடுச்சுன்னு சொன்னியா, இல்ல நான் வந்து...

சரி. சரி, நான் பேசல. நீ சொல்லு.

ம்.

தம்பி, நீங்க கொஞ்சம் பேசாம இருங்க. அவ என்னமோ சொல்ல வர்றா.